வெட்டப்பட்ட பகுதி

மறுபடியும் அதே இடத்தில் வெட்டிவிட்டார்கள்.

அவள் ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினாள். இது நாலாவது சேனல். எல்லாவற்றிலும் இதே கதைதான்.

நேற்றைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். மாறன் உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்த எதிரணிக்காரன், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறான். ஆளா அது, அரிசி லாரி. அவனுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் ஒரே ஒருத்தன்தான் மிச்சம். அந்த மாறன்தான், அவள் பிள்ளை. ஒல்லிக்குச்சி. தலையைக் குனிந்துகொண்டு நேரே போய் மோதுகிறான். இரண்டு பேரும் விழுகிறார்கள். அரங்கமே எழுந்து கத்துகிறது.

அடுத்த நொடியே திரையில் ஆட்டத்தின் கடைசி உதை. மாறன் உதைக்கிறான். கம்பங்களுக்கு நடுவே போகிறது. வெற்றி.

நடுவில் நடந்ததெல்லாம் எங்கே போயிற்று?

நேற்று நேரலையில் பார்த்தாளே. கண் என்ன அவிந்தா போயிற்று?

விழுந்த மாறன் எழுந்தான். எழுந்து விறுவிறுவென்று நடந்து, எதிரணியின் பெஞ்சில் போய் உட்காரப் பார்த்தான். அந்த அணியின் சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன்தான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, சிரிக்கவில்லை.

டாக்டர் வந்து, சோதித்துப் பார்க்க மைதான ஓரத்து நீலக் கூடாரத்துக்குள் கூட்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் உதைத்தான்.

திரையில் இப்போது தரவரிசை ஓடியது. ஒன்பதாவது இடத்தில் கிடந்த மாறனின் அணி, இந்த வாரம் முதலிடம்.

“பாத்தியாக்கா? நம்பர் ஒன்னு! கிளிப் அனுப்பிச்சேனே, எருமை மாதிரி இருந்தவன எம்புள்ள சாச்சுப்புட்டான்!”

அவள் புருஷன் தங்கவேலு, சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு துறையூர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். நியூஜெர்சியில் திங்கட்கிழமை காலை. காபி ஆறிக்கொண்டிருந்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இந்தா, அக்கா உன்ன சுத்திப் போடச் சொல்லுது.”

பிள்ளை இருப்பது விமானம் ஏறிப் போக வேண்டிய ஊரில். டிவிக்கா சுத்திப் போடுவது?

அமெரிக்கக் கால்பந்து என்றதும் முதலில் அவள் ஒரே பிடியாக முடியாது என்றுதான் சொன்னாள். மாறன் விடவில்லை. நான் பந்தை உதைக்கிறவன்தானேம்மா, உதைச்சிட்டு ஓரமா உக்காந்துக்குவேன், என்மேல யாரும் மோதக் கூடாது, அது ரூல் என்றான்.

அவர்கள் மோதக் கூடாது, சரி. இவன் போய் மோதினால்?

ஃபோன் அடித்தது. மாறன்தான்.

அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“தலை வலிக்குதாடா?”

“இல்லம்மா. டாக்டர் கேள்வி கேட்டாரு. எல்லாத்துக்கும் கரெக்டா சொல்லிட்டேன். இன்னைக்கு மறுபடி கேப்பாங்களாம். ஒரு தடவ ஒப்பிச்சுக்கறேன், கேளும்மா.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

தலையில் அடிபட்ட ஆட்டக்காரனிடம் எந்த டாக்டரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்பார். கல்லூரியில் ஆடியபோது ஒருமுறை மாறன் திணறினான். உட்கார வைத்துவிட்டார்கள். அவன் இடத்துக்கு வேறொருத்தன் வந்தான். அந்த இடத்தைத் திரும்பப் பிடிப்பதற்குள் பிள்ளை பாதியாகிவிட்டான்.

அவளா சும்மா இருப்பாள்? பரீட்சைக்கு முந்தின நாள் கட்டாயம் வரும் கேள்விகளை மட்டும் உருப்போட வைத்து, மக்குப் பிள்ளைகளையும் கரையேற்றி, துறையூரில் பெயர் வாங்கிய டியூஷன் டீச்சர். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் ஃபோன் போட்டு ஒப்பிக்க வைத்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்பாள்.

மாறன் ஆரம்பித்துவிட்டான்.

நாளைக்கு எந்த மைதானம். சொன்னான். போன வாரம் யாரோடு. சொன்னான். ஜெயித்தீர்களா. தோற்றோம். கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்.

“நாங்கதான்.”

அதற்கும் அவள்தான் வழி சொல்லியிருந்தாள். உங்க ஆளு புள்ளி எடுத்தப்புறம் அவங்களுக்குப் பந்த உதைச்சு விடறப்பதான் உனக்கு அடிபடும், அதனால கண்ண மூடிக்கிட்டு நாங்கதான்னு சொல்லு, தப்பாது.

தப்பவில்லை. ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஆனால் சனிக்கிழமை ஒப்பித்ததை அப்படியே ஒப்பிக்கிறான். ஞாயிறு முடிந்துவிட்டது. ஆட்டமும் முடிந்துவிட்டது.

“மாறா.”

“சரியாம்மா?”

“நேத்து வீட்டுக்கு எப்படிடா வந்த? காரை நீயா ஓட்டின?”



கதவுக்கு அந்தப் பக்கம் தங்கவேலு கிளிப்பை மறுபடி போட்டார். அரங்கம் கத்தியது.

“மாறா, கேக்குதா?”

“அத நீ சொல்லிக் குடுக்கலையேம்மா.”

குரலில் கொஞ்சம் பயம். பரீட்சை அறை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு வருமே, அந்தப் பயம்.

“என்ன சொல்லணும்? சீக்கிரம் சொல்லும்மா, உருப்போட்டுக்கறேன்.”