மஞ்சள் புள்ளி

"உருவிடுவான்மா. அடையாளம் போட்டுக் குடுங்க."

ரிப்பேர்காரர் உள்ளே போன சமயம் பார்த்து, பெஞ்சில் இருந்த போட்டோக்காரர் பக்கத்திலிருந்த எம்பிராய்டரி கடைக்காரியின் காதைக் கடித்தார். அவர் மடியிலும் ஒரு செத்த ஹார்டு டிஸ்க். அடியிலிருந்த போர்டில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு புள்ளி.

"உங்களோடதும் என்னோடதும் ஒரே மாடல் நம்பர். என் போர்டைக் கழட்டி உங்களுக்கோ, உங்களோடதை எனக்கோ மாட்டிட்டு, இன்னொருத்தர்கிட்ட கையை விரிச்சிடுவான். என் முப்பது வருஷ போட்டோ இதுல இருக்கு."

அவளுக்கு அது போதாதா? யாரையும் நம்பி முன்னுக்கு வந்தவள் இல்லை அவள். கைப்பையிலிருந்த நெயில் பாலிஷை எடுத்துத் தன் போர்டில் சிவப்பாய் ஒரு பொட்டு வைத்தாள்.

ரிப்பேர்காரர் வந்தார்.

"தம்பி, என் டிசைன் மொத்தமும் இதுலதான் இருக்கு. நாலு மிஷின் சும்மா நிக்குது. வெள்ளிக்கிழமை ஸ்கூல் பேட்ஜ் குடுக்கலைன்னா நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

"போர்டு கருகியிருக்குக்கா. டிசைன் பதிஞ்சிருக்கிற உள்தட்டு நல்லாருக்கு. இதே நம்பர்ல வேற போர்டு கிடைச்சா மாத்திடலாம். பழசு, கிடைக்கணும்."

"இந்த இழுவையெல்லாம் என்கிட்ட வேணாம். வெள்ளிக்கிழமை."

வியாழக்கிழமையே போன் வந்தது. ஓடினாள். திரையில் அவளுடைய பூவும் கொடியும் வரிசையாக வந்து நின்றன. கண்ணில் நீர் முட்டியது.

"நல்லாருப்பே தம்பி" என்றபடி டிஸ்கைத் திருப்பினாள். சிவப்புப் பொட்டைக் காணோம். மஞ்சள் புள்ளி இருந்தது.

முட்டிய நீர் அப்படியே வற்றியது.

"அடப்பாவி, அந்த மனுஷன் சொன்னது சரியாப் போச்சே. அவரோடதை உருவி எனக்கு மாட்டியிருக்கே. அவர் போட்டோவுக்கு யார் பதில் சொல்றது? பேட்ஜ் போனா போகுது, கழட்டு."

ரிப்பேர்காரர் கருகிய போர்டை எடுத்து வைத்தார். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது.

"இந்தாங்க உங்களோடது. டிஸ்க்கோட தலையெழுத்து இருக்கிற குட்டிச் சிப்பை மட்டும் இதுலேர்ந்து எடுத்து அதுல மாத்தினேன்."

"அவரோட டிஸ்க்?"

"உள்ள தட்டே கீறிப் போச்சுக்கா. ஒரு போட்டோகூடத் தேறலை. அப்புறம், 'போர்டு நல்லாத்தானே இருக்கு, அந்தம்மாவுக்காவது ஆகட்டும்'னு ஸ்குரூ டிரைவரை வாங்கி அவரே கழட்டிக் குடுத்தாரு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். விரல் தானாக அந்தப் புள்ளியைத் தடவியது.

"'புள்ளியை அழிச்சிட்டு மாட்டு. உன்னைத் திருடன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன், பார்த்தா உன்னைத்தான் பிடிபிடின்னு பிடிப்பாங்க'ன்னாரு."

"அப்போ அழிச்சிருக்கலாமே தம்பி. என் வாய்ல விழணுமா நீ?"

ரிப்பேர்காரர் டிஸ்கை உறையில் போட்டு நீட்டினார்.

"நான் திட்டு வாங்கினா என்னக்கா? குடுத்தவர் யாருன்னு உங்களுக்குத் தெரியணும்ல."