நொடிக்கு இருபத்தொரு மீட்டர்

அவளுடைய கட்டைவிரல் துள்ளவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் லேசான மின்சாரம் பட்டதுமே துள்ளியது. ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த இத்தனை மாதத்தில், உடலியங்கியல் செய்முறை வகுப்பில் இன்றைக்குத்தான் கொஞ்சம் விளையாட்டு கிடைத்திருந்தது.

கூடப் படிக்கும் ஃபர்ஹானா கருவியின் குமிழைத் திருகினாள். இன்னும் திருகினாள்.

"வலிக்கலியாடி?"

"வலிக்குது."

அதற்குப் பிறகுதான் விரல் அசைந்தது.

மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கையில் ஒருமுறை மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் விரலுக்குச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி காட்டும். இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த நேர வித்தியாசத்தால் வகுத்தால் நரம்பின் வேகம். கையில் அது நொடிக்கு ஐம்பது மீட்டருக்குக் குறையக் கூடாது.

அவளுக்கு இருபத்தொன்று.

ஃபர்ஹானா டேப்பை வைத்து மறுபடி அளந்தாள். மறுபடி வகுத்தாள்.

இருபத்தொன்று.

எஸ்தர் மேடம் வந்து பார்த்தார். கை குளிர்ந்திருந்தால் வேகம் குறையும் என்று வெந்நீர்ப் பை கொண்டுவரச் சொன்னார். கை சூடேறியது. எண் இருபத்திரண்டு ஆனது.

மேடம் அதே கம்பிகளைத் தன் கையில் ஒட்டிக்கொண்டார்.

ஐம்பத்தாறு.

கருவியில் பிழையில்லை.

அடுத்து இடது கை. அடுத்து கால்.

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

மேடம் மற்றவர்களை டீ குடிக்க அனுப்பினார். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்ல யாருக்காவது நடை ஒரு மாதிரி இருக்காம்மா? காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது, தடுக்கி விழுறது?"



அப்பா தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். ஒருநாள் பேருந்து வளைவில் திரும்பியபோது கால் பின்னி, உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் விழுந்தார். கீழே இறக்கி அடித்தார்கள். வாயை ஊதிக் காட்டு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் முதலாளி தோல்பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஊர் அதன்பின் அவருடைய நடையை மட்டும்தான் பார்த்தது.

குடிகாரன்.

முதல் சில வருடம் அவர் சத்தியம் செய்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வயதில், தூங்கிக்கொண்டிருந்தவரின் வாயருகே குனிந்து அவள் முகர்ந்து பார்த்திருக்கிறாள். ஒரு வாடையும் இல்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.

"வாடை வராமக் குடிக்கப் படிச்சிக்கிட்டாரு" என்றாள் அம்மா.

அவளும் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

கல்லூரியில் சேரும் நாளன்று அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க வர வேண்டாம்ப்பா. மாமா வாராங்க."

"சரி தாயி."

உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு வந்தார்.

மேடம் பேசிக்கொண்டிருந்தார். நரம்பின் மேல் இருக்கும் உறை கெட்டுப்போகிற நோயாக இருக்கலாம். பரம்பரையாக வருவது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் போகவும் போகாது. நரம்பு டாக்டரைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அப்பாவையும் அழைத்து வர வேண்டும்.

போன மாதத் தேர்வில் அந்த உறையைப் பற்றி அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண்.

"பாவம், இந்த வியாதி உள்ளவங்க நடக்கிறதைப் பாத்து நிறையப் பேரு குடின்னு நெனச்சிருவாங்க" என்றார் மேடம்.

தன்னைப் பற்றி அவளுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். வெயில் பாதி வராந்தாவுக்கு ஏறியிருந்தது. அப்பாவைப் போனில் அழைத்தாள். இப்போது அவர் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறார்.

"என்ன தாயி, இந்நேரத்துல? கிளாஸ் இல்லியா?"

"அப்பா, நீங்க குடிக்கலப்பா."

அந்தப் பக்கம் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் தூரம் போய் ஓய்ந்தது.

"அது ஒரு நரம்பு வியாதிப்பா. அதுக்குப் பேரு இருக்கு. நீங்க விழுந்ததெல்லாம் அதனாலதான். இங்க வந்து பாத்தா டாக்டரே எழுதித் தருவாங்க. அம்மாட்ட நான் சொல்றேன். மாமாட்டயும் சொல்றேன். என்னைய..."



அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எழுதித் தருவாகளா?"

"ஆமாப்பா."

"தாள்லயா?"

"ஆமாப்பா. சீல் வச்சு."

அவர் சிரித்தமாதிரி இருந்தது. பக்கத்தில் யாரிடமோ, "எம் மக பேசுது" என்றார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"என்னையப் பாக்காம எப்படித் தாயி கண்டுபிடிச்சாக?"

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பாடத்துல வந்துச்சுப்பா."

  

"தாயி." குரல் இறங்கியிருந்தது. "நடக்கையில செருப்பு கழண்டு கழண்டு போகுதா ஒனக்கு?"

"இல்லப்பா."

உண்மைதான். பின்னால் வார் வைத்த செருப்புக்கு அவள் மாறி எட்டு மாதமாகிறது.