செவலை நடந்த தடம்

பதினெட்டு வருஷம் எண்ணெய்ச் செக்கைச் சுற்றிய செவலைக் காளைக்கு ஓய்வு கிடைத்தது. இனி நேராக மட்டுமே நடப்பது, கடலைப் பார்ப்பது என்று அது முடிவு செய்தது. விடிந்ததும் கிளம்பும், பொழுது சாயும்வரை நடக்கும்.

ஒரு மாதம் ஆனதும், முதுகில் உட்கார்ந்திருந்த கொக்கிடம், "எவ்வளவு நேரா வந்திருக்கேன்னு மேலே போய்ப் பார்த்துச் சொல்லு தம்பி" என்றது.

கொக்கு பறந்து பார்த்தது. காளையின் தடம் செக்கைத்தான் சுற்றியிருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடப் பெரிதாக, அந்தச் சமவெளியே ஒரு நத்தை ஓடுபோலத் தெரிந்தது. கொக்குக்கு இறங்கவே மனம் வரவில்லை. இன்னும் மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது.

"நேரா இல்லை அண்ணே, வட்டம்தான்" என்றது தயங்கியபடி. "முதல் நாள் வட்டத்துக்குள்ளே செக்கு மட்டும்தான் இருந்துச்சு. நேத்து வட்டத்துக்குள்ளே மூணு ஊரும் ஒரு மலையும் இருக்கு."

செவலை அங்கேயே படுத்து அசைபோட்டது.

"கடல் ரொம்பப் பெரிசா?"

"அக்கரையே தெரியாது அண்ணே."

"அப்போ அதைச் சுத்தி வர ரெண்டு மாசமாவது ஆகும்" என்று எழுந்த செவலை, வழக்கம்போல இடப்பக்கம் திரும்பி நடந்தது.