சட்டைப் பையில் ஒரு பொட்டலம்

"அவன் சும்மா ஊர் சுத்த வந்த ஆளில்ல, ஆதியம்மா. சட்டப் பையில கஞ்சா வச்சிகினு கீறான்!"

செங்கல்வராயன் ரகசியமாகத்தான் சொன்னார். அவர் ரகசியம் எப்போதும் நாலு பேருக்குக் கேட்கும். பக்கத்து பெஞ்சில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆதியம்மாளின் சாப்பாட்டுக் கடை. போஸ்ட் ஆபீஸ் கிளார்க்கான செங்கல்வராயனுக்கு ஏழு வருஷமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான். ஊரில் எது நடந்தாலும் முதலில் சந்தேகப்படுவது தன் பொறுப்பு என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"யாரு சாரு? நம்ம மிகேலா?"

"நம்ம மிகேலாம்! வந்து நாலு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள நம்ம ஆளாயிட்டானா? எதையோ நசுக்கி சோத்துல போட்டுக்கிறான். என் கண்ணால பாத்தேன். போலீசு வந்தா உன் கடைக்கும் சேத்துத்தான் பூட்டு!"

ஆதியம்மாள் சிரித்துக்கொண்டே அவருக்கு ரசம் ஊற்றினாள்.

செங்கல்வராயனுக்கு எரிச்சல் கஞ்சாவோடு நிற்கவில்லை. அவனுக்கென்று ஆதியம்மாள் தனிச் சட்டியில் குழம்பு வைப்பதும் அவருக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் ஒரு வெள்ளைக்காரம்மா ஆதியம்மாளின் வஞ்சிரக் குழம்பில் ஒரே ஒரு வாய் வைத்தாள். இருமல், கண்ணீர், ஒரு குடம் தண்ணீர். பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. அன்றிலிருந்து வெளிநாட்டு ஆள் யார் வந்தாலும், மிளகாய்த்தூள் படாமல் தனிச் சட்டியில் குழம்பு.

"ஏழு வருஷமா துண்றேன். எனக்குன்னு தனியா ஒரு அப்பளம் பொரிச்சிருப்பியா? வெள்ளத் தோலப் பாத்ததும் உருகிப் பூட்ற!"

"அவரு விருந்தாளி சாரு. நீ வூட்டு ஆளு."

அதற்குள் மிகேலே வந்துவிட்டான். தாடி, தோள்பை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். "வணக்கம்மா!" என்று இரண்டு கையையும் கூப்பினான். தன்னந்தனியாக உலகம் சுற்றுகிறவன். இன்றைக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறிப் போகப் போகிறான்.

பிடித்தால் இன்றைக்குத்தான் பிடிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்திருந்த செங்கல்வராயன் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க ஊரைப் பத்தி என்ன எழுதியிருக்கே?" என்றார் இங்கிலீஷில்.

மிகேல் சந்தோஷமாகப் புரட்டிச் சொன்னான்.

"செங்கல்பட்டிலிருந்து வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டு வந்த ஒரு அம்மா, தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டார். நீ யார் என்றுகூடக் கேட்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது வாங்கிக்கொண்டார். என் சட்டை நனைந்துவிட்டது. பரவாயில்லை."

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வந்தோமா என்று உடனே அடக்கிக்கொண்டார்.

ஆதியம்மாள் தனிச் சட்டியிலிருந்து குழம்பை ஊற்றினாள். "அய்யோ, அடுப்பு!" என்று உள்ளே ஓடினாள்.

மிகேலின் கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது.

"புடிச்சிட்டேன்!"

செங்கல்வராயனின் பிடியில் பொட்டலம் பிரிந்து பெஞ்சின் மேல் சிதறியது.

காய்ந்த மிளகாய்! சிவப்புச் சிவப்பாக ஏழெட்டு.

"சத்தம் போடாதீங்க சார்! அவங்களுக்குக் கேட்டுடும்!" மிகேல் பதறிப் போய் இங்கிலீஷில் கெஞ்சிக்கொண்டே மிளகாய்களை இரண்டு கையாலும் மூடினான்.

"மொளகாயா இது?"

"நான் மெக்ஸிகோக்காரன் சார். நாங்க பழத்துக்கே மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடறவங்க. அந்தப் பெரிய சட்டியிலேர்ந்து வர்ற வாசனை, நாலு நாளா என்னைப் பாடாய்ப் படுத்துது."

"அதுலயே ஊத்தச் சொல்லி வாங்க வேண்டியதுதானே?"

"எனக்காகத் தனியா அடுப்பு மூட்டி, நான் சாப்பிட்டு முடிச்சதும் நல்லா இருந்துச்சான்னு ஆசையாக் கேக்கறாங்க. அவங்ககிட்டப் போய்ச் சப்புன்னு இருக்குன்னு எப்படி சார் சொல்றது?"

செங்கல்வராயனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிளகாயை அவசரமாகப் பொறுக்கி, தானே அவன் கைக்குள் திணித்துப் பொத்தினார். அதற்குள் ஆதியம்மாள் வந்துவிட்டாள்.

"இன்னா சாரு, அவரு கையப் புடிச்சிகினு கீற?"

"ஜோசியம்... கை பாத்தேன். ஆயுசு கெட்டி."

மிகேல் இலையை வழித்துச் சாப்பிட்டான். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் செலவழித்தான். பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியே பாதி உடம்பை நீட்டிக் கையாட்டினான். செங்கல்வராயனும் பஸ் திரும்பும்வரை ஆட்டினார்.

திரும்பி வந்து தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஆதியம்மா, நான் சொன்னது தப்பு. அது கஞ்சா இல்ல. வந்து... வயித்துவலி மருந்து."

ஆதியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மருந்தா? காஞ்ச மொளகா சாரு! ரெண்டாம் நாளே பாத்துட்டேன்."

"தெரிஞ்சிகினேவா தனிச் சட்டி வச்ச?"

"நிறுத்தினா, நான் கண்டுகினேன்னு அந்த மனுசன் கூசிப் பூடுவாரே! என் மனசு நோவக்கூடாதுன்னு எம்மாம் பாடுபட்டு மறைச்சித் துண்றாரு. அதான் சாரு, கொழம்ப ஊத்தினதும் ஓடிப் பூடுவேன். மத்தபடி, எரியற அடுப்பாண்ட எனக்கு இன்னா வேல?"