மாற்றல் உத்தரவு

"மாற்றல் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிப்பாய் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டால், அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போர்முனை. இதற்கு முன் இரண்டு தடவையும் அப்படித்தான்.

ஏஜெண்ட் பையைத் திறப்பதற்குள் அம்மா ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

"மேலதிகாரி கால்ல விழுந்தாவது இந்த மாற்றலை நிறுத்தக் கூடாதாடா?"

"அம்மா, நான் சொல்றதை..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "சார், இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா எவ்வளவு வரும்?"

ஏஜெண்ட் சொன்னார். அழுகை சட்டென்று நின்றது.

"அதுல மாடி கட்டிடலாம்."

"மாடி கிடக்கட்டும். முதல்ல என் பொண்ணு கல்யாணம்" என்றாள் அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "பெத்தவ நான். பாதியை என் பேர்ல எழுதுங்க."

"கூட வாழறவ நான்!"

மாடியா, கல்யாணமா என்று குடுமிப்பிடிச் சண்டை. நாலு தடவை வாயைத் திறந்து மூடிய சிப்பாய், கடைசியில் உத்தரவையே எடுத்து ஏஜெண்டிடம் நீட்டினான்.

படித்தவர் முகம் மலர்ந்தது. "அட, நல்ல சேதிம்மா! பயிற்சிப் பள்ளியில ஸ்டோர் பொறுப்பு. இனி துப்பாக்கிச் சத்தமே கேக்காது."

"ஆமா சார். போர்முனைக்குன்னு கூடுதலாக் கட்டற பிரீமியத்தை நிறுத்தத்தான் கூப்பிட்டேன்."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சி.

அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னைவிட உருக்கமாகக் கேட்டாள்:

"மேலதிகாரி கால்ல விழுந்தாவது இந்த மாற்றலை நிறுத்தக் கூடாதாடா?"