ஒட்டாத பட்டியல்

"நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு பேராவது சரியா இருக்குதாம்மா?"

கலெக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் மதலைமுத்து, பிரிண்ட் அவுட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டார். அது சரசரவென்று விரிந்து தரையைத் தொட்டது.

தொழுநோய் சிகிச்சை நிலையத்தில் பதிவேடு எழுதும் ராஜாமணி, நிதானமாக அதை மடித்து அவரிடமே நீட்டினாள்.

"சரியாத்தாங்க சார் எழுதினேன்."

"அப்புறம் ஏன் கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது? நீங்க சொல்ற ஊர்ல அந்தப் பேருக்கு வூடே இல்லை. இருநூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா ரேஷன் கார்டு இருக்காது?"

"கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?"

மதலைமுத்துவுக்குத் தலை வலித்தது.

மாவட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ரேஷன், பள்ளிக்கூடம், கரண்ட், லோன், ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எந்த ஆபீஸ் கேட்டாலும், ரேஷன் கார்டு நம்பரைத் தட்டினால் அந்தக் குடும்பத்தின் சங்கதி முழுக்க ஒரே தாளில் வந்து விழ வேண்டும். எண்பத்தெட்டாம் வருஷம் முடிவதற்குள் வேலையை முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

லேசுப்பட்ட வேலையா? ஒரு ஆபீஸுக்கு நல்லம்பள்ளி பதினேழாம் நம்பர் ஊர். இன்னொரு ஆபீஸுக்கு நாற்பத்திரண்டு. ஒரு நோட்டில் அப்பன் பெயர், இன்னொன்றில் புருஷன் பெயர். பஸ் பஸ்ஸாக அலைந்து, கெஞ்சி, சண்டை போட்டு, மூன்று மாதத்தில் அத்தனையையும் ஒட்டவைத்துவிட்டார். இந்த ஒரு பட்டியல்தான் சண்டித்தனம் செய்தது. மூன்று தடவை திருப்பி அனுப்பியும் அதே லட்சணம்.

"திங்கக்கிழமை ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை."

ராஜாமணி பதிவேட்டை மூடிவைத்தாள். என்ன திமிர் என்று மதலைமுத்து நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. பேர்கள் எல்லாம் நிஜம். ஊர்தான் மாறியிருந்தது. ஊர்ப்பட்டியலில் ஒவ்வொருவரையும் ஒரு வரி கீழே தள்ளி, அடுத்த ஊர்க்காரராக எழுதியிருந்தாள் ராஜாமணி. பத்துப் பேரை மட்டும் ஒரு வரி மேலே ஏற்றிப் பார்த்தார். பத்துக்குப் பத்தும் பொருந்தியது!

"தெரியாம வந்த தப்பில்லை. வேணும்னே பண்ணியிருக்கா!"

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். பட்டியலில் ஒரு பேருக்குக் கோடு போட்டு, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு, நல்லம்பள்ளி தாண்டி ஒரு கிராமத்துக்கு பஸ் ஏறினார்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நீள வரிசை.

"நூத்திப் பதினெட்டாம் நம்பர் கார்டு, பெரியம்மாளுங்களா?"

"ஆமாங்க. அதோ, மூணாவதா நிக்குதே," என்றார் கடைக்காரர் சென்றாயன்.

மதலைமுத்துவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டாள் ராஜாமணி!

சென்றாயன் எட்டிப் பார்த்தார். "என்ன லிஸ்ட்டுங்க அது? ஆஸ்பத்திரி லிஸ்ட்டா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னால இப்படித்தானுங்க, ஆஸ்பத்திரி லிஸ்ட்டுல எங்க ஊரு மாதையன் பேரு இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சுபோச்சு. நோவு நல்லாயிருச்சுன்னு டாக்டரே வந்து சொன்னாரு. யாரு கேக்கறா? டீக்கடையில டீ குடுக்கல, கெணத்துல தண்ணி எடுக்க விடல. புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல தனியா உக்கார வெச்சாங்க. ஒரு நாள் வூட்டைப் பூட்டிட்டுக் குடும்பத்தோட கெளம்பிட்டாங்க. எங்க போனாங்கன்னே தெரியல. அவங்க கார்டை நாந்தான் ரத்து பண்ணேன்."

வரிசையில் பேச்சு நின்றது. எல்லார் கண்ணும் மதலைமுத்துவின் கையிலிருந்த காகிதத்தின்மேல். பெரியம்மாள் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் தோளில் கை போட்டு நின்றிருந்தவள், மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள்.

மதலைமுத்து காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கறவை மாட்டு லோனுங்க," என்றார்.

அவ்வளவுதான், வரிசை கலைந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. "எம் பேரையும் எழுதிக்கங்க சார்!" "ஆறு மாசமா அலையறேன் சார்!" பதினோரு பேர் பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக அதை லோன் பிரிவில் கொடுத்துவிட்டுத்தான் ஆபீசர் அறைக்குப் போனார்.

ஆபீசர் வரச் சொல்லி ராஜாமணியும் அங்கே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மதலைமுத்து, எல்லாம் ஒட்டியாச்சா?"

"தொழுநோய்ப் பட்டியல் மட்டும் ஒட்டலைங்க சார்."

"யார் தப்பு? இந்தம்மா தப்பா எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லைங்க சார். அவங்க எழுதினது சரியாத்தான் இருக்குது. என் புரோகிராம்லதான் கோளாறு."

ராஜாமணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப அதைச் சரி பண்ண வேண்டியதுதானே?"

"எல்லா விதத்துலயும் பாத்துட்டேன் சார். அதை விட்டுடறதுதான் நல்லது."

ஆபீசர் ஃபைலைப் பட்டென்று மூடினார்.

"மெட்ராஸ்ல ஆறு மாசம் டிரெயினிங் வேற! இருநூறு பேரைச் சேக்கக்கூடத் தெரியலையாய்யா உமக்கு?"

மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியலைங்க சார்."