துப்பறியும் கோடீஸ்வரர் மன்னிப்புக் கேட்கிறார்

"ரயில்ல ஒரு டிக்கெட் தொலைஞ்சு போச்சா? ரயிலையே வாங்கிடுங்க. நிதானமாத் தேடுவோம்" என்றார் கோடீஸ்வரர்.

சொல்லிவிட்டு, சட்டைக் கையில் பிரிந்து தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். திரையில் பொம்மைக் கோடீஸ்வரர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கொலையானாலும் திருட்டானாலும் பணத்தை வீசியே துப்புத் துலக்கும் பணக்காரத் துப்பறிவாளர். அந்த ஜப்பானியச் சிரிப்புக் கார்ட்டூன் அனிமேயில் ஒன்பது வருடமாக அவருக்குக் குரல் கொடுப்பவன் தம்பி. அவர் உடைப்பதையெல்லாம் பெருக்கி அள்ளிவிட்டு, "பரவாயில்லீங்க ஐயா" என்று சொல்லும் கிழட்டு வேலைக்காரருக்கு அவனுடைய சொந்த அண்ணன்.

கோடீஸ்வரர் வேஷம் முதலில் அண்ணனுக்குத்தான் வந்தது. பதிவு தொடங்குகிற நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. "சரியாகிற வரைக்கும் நீ பேசுடா" என்று தம்பியை அவரே கூட்டிவந்து விட்டார். கரகரத்த குரலோடு தற்காலிகமாக வேலைக்காரருக்குப் பேசினார்.

ஒரு மாதத்தில் தொண்டை சரியாயிற்று. தம்பி வேஷத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு தம்பி காலையில் வந்து பேசிவிட்டுப் போவான். அண்ணன் மாலையில் வருவார். இத்தனை வருடத்தில் அண்ணன் அவனைக் கூப்பிட்டதெல்லாம் "ஐயா" என்றுதான். அதுவும் ஹெட்போனில்.

இன்று சீசனின் கடைசி எபிசோட். கோடீஸ்வரர் வேலைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"இவன் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டான் சார். எந்தக் கடையில கிடைக்கும்னு விசாரிப்பான்" என்றான் தம்பி.

"அதான் ஒன்பது வருஷமாப் பண்ணிட்டானே. கடைசியிலயாவது வளரட்டும்."

"பொம்மை எங்க சார் வளரும்?"

"நீ பேசு, வளரும்."

தம்பி பதிவு அறையின் ஸ்டூலில் உட்கார்ந்தான். துணி சுற்றிய ஸ்டூல். அங்கே முன்பு கிடந்த மர நாற்காலி கிறீச்சிட்டுப் பதிவைக் கெடுக்கிறதென்று போன வருடமே அதைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

"இத்தனை நாளா உன்னை வேலைக்காரனா வெச்சிருந்தேன். தப்பு. மன்னிச்சிடு." முதல் தடவை நக்கலாக வந்தது. இரண்டாவது தடவை, வீட்டு வாடகைக்குத் தவணை கேட்பவன் குரல்.

"இன்னொண்ணு" என்றார் டைரக்டர். வெளியே அவருக்குப் பெயரே 'இன்னொண்ணு'தான். ஏழாவது முறையும் அதையேதான் சொன்னார்.

தம்பி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். "அண்ணன் என்ன பதில் சொல்றாருன்னு தெரிஞ்சாப் பிடிச்சுக்குவேன் சார். அவர்தான் சாயங்காலம் வருவாரே."

டைரக்டர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் இருக்கு. போடறேன்."

"எனக்கு முந்தி வந்து பேசிட்டாரா? மழைதான் வரப்போகுது."

டைரக்டர் பொத்தானை அழுத்தினார்.

"பரவாயில்லீங்க ஐயா." அண்ணன் குரல் லேசாகக் கட்டியிருந்தது. பின்னால் மெலிதாக ஒரு கிறீச். ஆனால், வார்த்தைகளைக் கடித்து எறியும் அந்த வழக்கமான கோபத்தைக் காணோம். சின்ன வயதில் தம்பி சைக்கிளை மோதி உடைத்துக்கொண்டு வந்து நின்றபோது, "விடுடா" என்றாரே, அந்தக் குரல்.

"இன்னொரு தடவை போடுங்க சார்."

மறுபடி கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு மைக்கை நெருங்கினான். கோடீஸ்வரரின் மூக்குக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"இத்தனை நாளா உங்களை வேலைக்காரனா வெச்சுட்டேன். தப்பு. மன்னிச்சிடுங்க."

திரையில் கோடீஸ்வரர் வாயை மூடிய பிறகும் குரல் ஒரு நொடி நீண்டது. தம்பி 'இன்னொண்ணு'க்காகக் காத்திருந்தான். டைரக்டர் சொல்லவில்லை.

"உதடு ஒட்டலையே சார்."

"பரவாயில்லை. இருக்கட்டும்."

தம்பி வெளியே வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். பையில் தொண்டை மாத்திரை இருக்கிறதா என்று துழாவினான்.

"எங்க கிளம்பிட்டே?"

"அண்ணன் வீட்டுக்கு. மறுபடியும் தொண்டை கட்டியிருக்கு, பார்த்துக்க ஆளில்லை போல. அடுத்த சீசன்ல அவர்தான் சார் கோடீஸ்வரர். நான் பெருக்கி அள்றேன்."

"கொஞ்சம் உக்காரு."

"வந்து உக்காரறேன் சார். விட்டா மறுபடி எனக்கு மனசு மாறிடும்."

டைரக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அவர் இல்லைப்பா. போன செவ்வாய்க்கிழமை போயிட்டாரு. உனக்குச் சொல்ல வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. முகத்தைப் பாக்கக்கூட விடாதீங்கன்னாரு."

தம்பி திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். ஹெட்போன் ஸ்டூலின் மேல் கிடந்தது.

"இப்பத்தானே கேட்டேன் சார். கோபமே இல்லாமப் பேசினாரே."

"அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால, தொண்டை கட்டின மாசம் பேசினது. நீ திருப்பிக் குடுத்துடுவேன்னு அப்ப நம்பிட்டிருந்தாரு."